தூதரகங்களின் ‘ஆழ்ந்த கவலை’ யாரைக் காப்பாற்றுகிறது?

2006ஆம் ஆண்டு மே மாதத்தின் முதல் நாட்களில் கொழும்பு விழாக்கோலம் பூண்டிருந்தது. உலக ஊடக சுதந்திர தினத்தின் பிரதான மாநாட்டை அந்த ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இலங்கையில் நடத்தியது. வெளிநாட்டு ஊடகவியலாளர்களும் தூதுவர்களும் அரசாங்கப் பிரதிநிதிகளும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து ஊடக சுதந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மே 2ஆம் திகதி, அதாவது அந்தத் தினத்துக்கு முதல் நாள் இரவு, யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து சுட்டார்கள். பத்திரிகையின் ஊழியர்கள் இருவர் அந்த இடத்திலேயே கொல்லப்பட்டனர். மறுநாளும் கொழும்பில் மாநாடு நடந்தது. கண்டன அறிக்கைகள் வந்தன. உதயனும் வெளிவந்தது. குற்றவாளிகள் மட்டும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை.

பத்திரிகைகள் மீதான அரசாங்க அழுத்தம் பற்றியும், அது குறித்து வெளிநாட்டுத் தூதரகங்கள் வெளியிடும் கவலை பற்றியும் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தச் சம்பவமே நினைவுக்கு வரும். உலகமே நாட்டுக்குள் வந்து அமர்ந்திருந்த இரவிலும் ஒரு பத்திரிகை அலுவலகத்தைக் காப்பாற்ற முடியவில்லை என்றால், அந்தக் கவலைக்கு என்னதான் பெறுமதி? பெறுமதியே இல்லை என்று சொல்லிவிடுவது இலகு. ஆனால் அது உண்மையல்ல. எப்போது அது பயன்படுகிறது, யாருக்குப் பயன்படுகிறது, எப்போது அது எமக்கே வினையாகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அழுத்தம் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். ஒரு காலத்தில் அது ஒளிவுமறைவின்றி நடந்தது. 1973இல் லேக் ஹவுஸ் நிறுவனத்தைத் தனிச்சட்டம் ஒன்றின் மூலம் அரசாங்கம் கையகப்படுத்தியது. அதே ஆண்டில்தான் பத்திரிகைப் பேரவைச் சட்டமும் வந்தது. அடுத்த ஆண்டு, தினபதி, சிந்தாமணி ஆகிய தமிழ்ப் பத்திரிகைகளையும் சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளையும் வெளியிட்டுவந்த சுயாதீனப் பத்திரிகைக் கம்பனிக்கு அவசரகாலச் சட்டத்தின் கீழ் சீல் வைக்கப்பட்டது. 1977 வரை அந்த அச்சகம் மௌனமாகவே கிடந்தது. அந்தத் தலைமுறை வாசகர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். காலையில் கடைக்குப் போனால் பத்திரிகை இல்லை என்பதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

2000ஆம் ஆண்டிலும் இதே முறை முயன்று பார்க்கப்பட்டது. ஆனையிறவு வீழ்ந்த பின்னர் கடுமையான தணிக்கை விதிகள் கொண்டுவரப்பட்டன. மே மாதத்தில் உதயன் மூடப்பட்டது. சில நாட்களில் சண்டே லீடரும் மூடப்பட்டது. லீடர் நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தணிக்கை அதிகாரியின் நியமனமே சட்டப்படி செல்லாது என ஜூன் மாத இறுதியில் தீர்ப்பு வந்தது. கொழும்பின் ஆங்கிலப் பத்திரிகை ஒன்று தொடுத்த வழக்கினால் யாழ்ப்பாணத்தின் தமிழ்ப் பத்திரிகையும் திறக்கப்பட்டது. இந்த ஒரு விடயத்தை நமது சமூகத்தில் பலர் கவனிப்பதில்லை. பிறருடைய பத்திரிகைக்கு வந்த ஆபத்தை பிறருடையது என்று விட்டுவிட முடியாது.

அந்தத் தீர்ப்பு ஆட்சியாளர்களுக்கும் ஒரு பாடத்தைக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும். சீல் வைத்தால் வழக்கு வரும். உத்தரவில் கையொப்பமிட்டவர் பதில் சொல்ல வேண்டிவரும். அதன் பின்னர் நடந்தவற்றில் கையொப்பம் எதுவும் இருக்கவில்லை. 2007 நவம்பரில் ரத்மலானையிலிருந்த லீடர் அச்சகத்துக்கு இனந்தெரியாதோர் தீ வைத்தனர். மிக் விமானக் கொள்வனவு பற்றி எழுதியதற்காக அன்றைய பாதுகாப்புச் செயலாளர் பத்திரிகைக்கு எதிராக மானநஷ்ட வழக்குத் தாக்கல் செய்தார். 2009 ஜனவரி 8ஆம் திகதி காலை, அலுவலகத்துக்குச் சென்றுகொண்டிருந்த ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க அத்திடியவில் வைத்துத் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தன்னைக் கொல்லப்போவது யார் என்பது குறித்து அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததாகக் கூறி வெளியிடப்பட்ட ஆசிரிய தலையங்கம் மூன்று நாட்களின் பின்னர் உலகம் முழுவதும் வாசிக்கப்பட்டது.

அப்போதும் லீடர் மூடப்படவில்லை. அதற்கு மேலும் மூன்று வருடங்கள் தேவைப்பட்டன. 2012இல் பத்திரிகையின் பெரும்பான்மைப் பங்குகள், ஆட்சியாளர்களுக்கு நெருக்கமானவர் எனப் பேசப்பட்ட ஒரு வர்த்தகருக்குக் கைமாறின. ஆசிரியர் பிரெட்ரிக்கா ஜான்ஸ் அதே ஆண்டில் பதவி நீக்கப்பட்டு நாட்டைவிட்டும் வெளியேறினார். இதற்கு நீதிமன்றத்தில் என்ன வழக்குப் போடுவது? ஒருவர் பங்கு விற்றார், ஒருவர் வாங்கினார், முகாமைத்துவம் ஊழியர் ஒருவரை நீக்கியது. எல்லாம் கம்பனிச் சட்டப்படி நடந்தது. தீயினாலும் துப்பாக்கியினாலும் முடியாததை ஒரு காசோலை செய்து முடித்தது.

இதைவிடவும் மெதுவான ஓர் அழுத்தம் இருக்கிறது. அதைப் பற்றி எந்தத் தூதரகமும் அறிக்கை விடுவதில்லை. கடையில் வாங்கும் பத்திரிகையின் விலை, தாளுக்கும் மைக்கும் விநியோகத்துக்கும் போதாது. மீதி விளம்பரத்திலிருந்து வர வேண்டும். இலங்கை போன்ற ஒரு நாட்டில் மிகப் பெரிய விளம்பரதாரர்களில் ஒருவர் அரசாங்கமே. அரச வங்கிகள், கூட்டுத்தாபனங்கள், சபைகள், விலைமனு அறிவித்தல்கள், பதவி வெற்றிட அறிவித்தல்கள் என அது நீண்டு செல்லும். ஒரு கட்டுரை வெளியான வாரத்தில் இவை வராமல் நின்றால் அதற்கு எழுத்துமூலமான உத்தரவு எதுவும் இருக்காது. தனியார் கம்பனிகளும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத்தான் விளம்பரம் கொடுக்கின்றன. சம்பளம் கொடுக்க வேண்டிய மாத இறுதியில் பத்திரிகை உரிமையாளர் ஆசிரியரை அழைத்து, “கொஞ்சம் மெதுவாகப் போவோம்” என்பார். அவ்வளவுதான். அச்சுத் தாள் வெளிநாட்டிலிருந்து வருவதால் டொலரும் இறக்குமதியும் கூட ஒரு பிடிமானம். 2022இல் தாள் தட்டுப்பாட்டினால் பத்திரிகைகள் அச்சுப் பதிப்பை நிறுத்தவும் பக்கங்களைக் குறைக்கவும் நேர்ந்ததை நாம் கண்டோம். அன்று காரணம் பொருளாதார நெருக்கடி. ஆனால் ஒரு பத்திரிகையின் கழுத்து எவ்வளவு மெல்லியது என்பதை அது காட்டிக்கொடுத்தது.

இப்போது தூதரகங்களிடம் வருவோம்.

லசந்தவின் இறுதிச் சடங்கில் அன்றைய ஜேர்மன் தூதுவர் உரையாற்றினார். நாங்கள் முன்னரே பேசியிருக்க வேண்டும், இன்று காலம் கடந்துவிட்டது என்பதே அவர் சொன்னதன் சாரம். அதற்காக வெளிவிவகார அமைச்சு அவரை அழைத்து அதிருப்தி தெரிவித்தது. பிணத்தின் அருகில் நின்று சொன்ன ஒரு வருத்தத்துக்கே இந்த நிலை. தூதுவர் ஒருவர் எப்போதும் தாமதமாகவே வாய் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1961ஆம் ஆண்டின் வியன்னா சமவாயத்தின் 41ஆவது உறுப்புரை, தூதுவர்கள் தாம் பணியாற்றும் நாட்டின் உள்விவகாரங்களில் தலையிடக் கூடாது என்கிறது. எந்த அரசாங்கமும் முதலில் தூக்கிப் பிடிப்பது அந்த உறுப்புரையைத்தான். ஆகவே அறிக்கை எழுதும் அதிகாரி சொற்களை நிறுத்து நிறுத்துப் போடுவார். ‘அவதானித்து வருகிறோம்’ என்றால் ஒரு படி. ‘கவலை’ என்றால் அதற்கு மேல். ‘ஆழ்ந்த கவலை’ அதற்கும் மேல். ‘கண்டனம்’ அபூர்வம். அதற்கும் அப்பால் சொற்கள் முடிந்து, வரிச்சலுகை, கடன், வாக்கெடுப்பு என்ற வேறொரு மொழி தொடங்குகிறது. உண்மையில் அரசாங்கங்களுக்கு விளங்குவது அந்த மொழிதான்.

முஸ்லிம் வாசகர்களுக்கு இதை நான் நீட்டி விளக்கத் தேவையில்லை. கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட அந்தப் பதினொரு மாதங்களில் எத்தனை அறிக்கைகள் வந்தன! உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எடுத்துக் காட்டப்பட்டது, நிபுணர்கள் எழுதினார்கள், தூதுவர்கள் கவலைப்பட்டார்கள். ஒன்றும் அசையவில்லை. 2021 பெப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்து சென்ற கையோடு, ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடியிருந்த வேளையில், அடக்கம் செய்வதற்கு அனுமதியளிக்கும் வர்த்தமானி வெளியானது. அந்தப் பேரவையில் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு நாடுகளின் வாக்கு அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது. விஞ்ஞானம் மாறவில்லை, கணக்கு மாறியது.

ஊடகவியலாளர் ஜே.எஸ். திஸ்ஸநாயகத்தின் விடயத்திலும் இதுதான் நடந்தது. சஞ்சிகை ஒன்றில் எழுதிய கட்டுரைகளுக்காக 2008 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஓகஸ்ட் 31ஆம் திகதி 20 வருடக் கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதற்கு முன்னரே அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா ஊடக சுதந்திர தினச் செய்தியில் அவருடைய பெயரைக் குறிப்பிட்டிருந்தார். அதே காலத்தில் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்துவது பற்றி ஐரோப்பிய ஒன்றியம் விசாரணை நடத்திக்கொண்டிருந்தது. இலட்சக்கணக்கானோர் வேலை செய்யும் ஆடைத் தொழிலுக்கான சலுகை அது. 2010 மே 3ஆம் திகதி, சரியாக ஊடக சுதந்திர தினத்தன்று, திஸ்ஸநாயகத்துக்கு ஜனாதிபதி மன்னிப்பு வழங்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் வெளிவிவகார அமைச்சர். உள்நாட்டுக் கைதி ஒருவரின் விடுதலையை வெளிவிவகார அமைச்சர் அறிவிக்கிறார் என்றால் அந்தச் செய்தி யாருக்கானது என்று கேட்கத் தேவையில்லை. ஆனாலும் அந்த ஓகஸ்ட் மாதமே வரிச்சலுகை பறிபோனது. 2017 மே மாதம் வரை திரும்பி வரவில்லை.

ஒரு மனிதர் வெளியே வந்தார், அது நல்லதுதான். ஆனால் ஒபாமா பெயர் சொல்லாதவர்கள்? 2000இல் யாழ்ப்பாணத்தில் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்ட நிமலராஜன், 2006இல் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட சுகிர்தராஜன் போன்றோர் தமிழில் எழுதியவர்கள், பிரதேசச் செய்தியாளர்கள். கொழும்பு ஏழில் நடக்கும் வரவேற்பு நிகழ்வுகளில் தூதுவர்களுக்கு அறிமுகமானவர்கள் அல்லர். தூதரகம் ஒன்று ஆங்கிலத்தில் வாசிக்கிறது, ஆங்கிலத்தில் பேசுபவரைச் சந்திக்கிறது, ஆங்கிலத்தில் கவலைப்படுகிறது. மூதூரிலோ மன்னாரிலோ பிரதேச செயலகத்தின் ஊழலை எழுதிவிட்டுத் தொலைபேசி மிரட்டலோடு இருக்கும் பகுதிநேரச் செய்தியாளர் அந்த வட்டத்துக்குள் வருவதே இல்லை.

எமக்கே வினையான கதை இனித்தான் வருகிறது. 2007இல் இலங்கை நாடாளுமன்றம் சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்றால்தான் பலருக்கும் தெரியும். ஐரோப்பாவின் வரிச்சலுகையைத் தக்கவைக்கும் நோக்கமும் அதன் பின்னணியில் இருந்தது. அதன் மூன்றாம் பிரிவு, இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கிறது. அளுத்கமையிலும் திகனையிலும் எமது கடைகளையும் வீடுகளையும் எரிப்பதற்கு மேடை போட்டுப் பேசியவர்களுக்கு எதிராக அந்தப் பிரிவு பயன்பட்டிருக்க வேண்டும். 2020 ஏப்ரலில் அது பயன்பட்டது முகநூலில் எழுதிய ரம்ஸி ராஸிக்குக்கு எதிராக. முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பிரசாரத்தைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் சிந்தனை ரீதியாக எதிர்கொள்ள வேண்டும் என எழுதியவர் அவர். ‘ஜிஹாத்’ என்ற சொல்லை அவர் பயன்படுத்தியதே போதுமாக இருந்தது. ஐந்து மாதங்களுக்கும் மேலாக விளக்கமறியலில் இருந்தார். 2023இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது எனத் தீர்ப்பளித்து நட்டஈடும் வழங்க உத்தரவிட்டது. கவிஞர் அஹ்னாப் ஜஸீம் ‘நவரசம்’ என்ற கவிதை நூலுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2020 மே மாதம் முதல் 2021 டிசம்பர் வரை உள்ளே இருந்தார். தமிழ்க் கவிதையைச் சரியாக வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் முதல் நாளே கேட்டிருந்தால் முடிந்திருக்க வேண்டிய விடயம். 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

ஆக, வெளிநாடுகளைத் திருப்திப்படுத்துவதற்காக எழுதப்படும் சட்டம், எழுதுபவனைக் காக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின்போதும் அமெரிக்கத் தூதுவர் உட்படப் பலர் கவலை வெளியிட்டனர். சட்டம் நிறைவேறியது.

“இந்தத் தூதரகங்கள் காஸாவில் கொல்லப்பட்ட செய்தியாளர்களுக்காக என்ன செய்தன?” என்று நமது வாசகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நூற்றுக்கும் மேற்பட்ட ஊடகவியலாளர்கள் அங்கே கொல்லப்பட்டிருக்கிறார்கள். 2022 மே மாதம் ஜெனினில் ஷிரீன் அபூ அக்லா சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் அமெரிக்கப் பிரஜையாகவும் இருந்தார். அதுகூட அவருக்கு நீதி பெற்றுத் தரவில்லை. மேற்கு நாடுகளின் கவலை அவற்றின் நலன்களோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் அதே அளவுகோலை நமக்குப் பிடித்தவர்களுக்கும் வைத்துப் பார்ப்போமா? துருக்கியில் ஜும்ஹூரியத் பத்திரிகையின் ஆசிரியர் ஜான் துந்தார், உளவுத்துறையின் வாகனங்களில் சிரியாவுக்கு ஆயுதங்கள் சென்றதாகச் செய்தி வெளியிட்டதற்காக 2015 நவம்பரில் சிறையிலடைக்கப்பட்டார். 2016 மார்ச்சில் வழக்கு ஆரம்பமானபோது ஐரோப்பியத் தூதரக அதிகாரிகள் நீதிமன்றத்துக்குப் போய் அமர்ந்தார்கள். இது உங்கள் நாடல்ல, துருக்கி; உங்கள் தூதரகக் கட்டடத்துக்குள் நடமாடிக்கொள்ளுங்கள் என்ற பொருள்பட அர்தூகான் சீறினார். கொழும்பில் ஜேர்மன் தூதுவருக்குச் சொல்லப்பட்டதும் ஏறத்தாழ இதுதான். அந்த மாதமே ஸமான் பத்திரிகையை நிர்வாகிகளை நியமித்து அரசு கையகப்படுத்தியது. அதிலிருந்து இரண்டு வாரங்களில் ஐரோப்பிய ஒன்றியம் துருக்கியுடன் அகதிகள் தொடர்பான ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. பத்திரிகை பற்றிய கவலை காகிதத்தில் இருந்தது. அகதிகள் பற்றிய கவலை கையொப்பமானது. அர்தூகானை விரும்புபவர்களுக்கும் ஐரோப்பாவை நம்புபவர்களுக்கும் இதில் சங்கடம் இருக்கிறது.

பத்திரிகைச் சுதந்திரம் கொழும்பின் ஆங்கிலம் பேசும் வட்டத்தின் விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு 2014 ஜூன் 15ஆம் திகதி இரவை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். அளுத்கமையும் தர்கா நகரும் எரிந்துகொண்டிருந்தன. நாம் தொலைக்காட்சி அலைவரிசைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். நாடகம், பாட்டு, வழமையான நிகழ்ச்சிகள். மறுநாள் பத்திரிகைகளிலும் பெரும்பாலும் அடக்கி வாசிப்புத்தான். தகவல் வந்தது கைத்தொலைபேசிகளிலிருந்தும் முகநூலிலிருந்தும் ஒரு சில துணிச்சலான செய்தியாளர்களிடமிருந்தும்தான். அவற்றில் எது உண்மை, எது வதந்தி என்று பிரித்தறியவும் வழியிருக்கவில்லை. அந்த மௌனம் அன்றிரவு உருவானதல்ல. அச்சகம் எரிந்த நாளிலிருந்து, ஆசிரியர் கொல்லப்பட்ட நாளிலிருந்து, பங்குகள் கைமாறிய நாளிலிருந்து ஏழு வருடங்களாகச் சேர்ந்துவந்த மௌனம் அது. நமது வீடு எரியும்போது செய்தி எழுத ஆள் இல்லாமல் போனதற்கு ரத்மலானையில் எரிந்த அச்சகத்துடன் தொடர்பு இருந்தது.

தூதரகங்கள் ரமழானில் இப்தார் வைக்கின்றன. நமது அரசியல்வாதிகளும் சமூக அமைப்புகளின் பிரமுகர்களும் போகிறார்கள், படம் எடுக்கிறார்கள், சில வேளைகளில் மகஜரும் கொடுக்கிறார்கள். அவற்றில் ஜனாஸா விவகாரம் இருந்திருக்கிறது, திருமணச் சட்டம் இருந்திருக்கிறது, காணிப் பிரச்சினை இருந்திருக்கிறது. எழுதியதற்காக உள்ளே இருந்தவர்களின் பெயர்கள் எத்தனை மகஜர்களில் இருந்தன? ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரதிநிதிகள் வரிச்சலுகை மீளாய்வுக்காக இங்கு வந்து சிவில் அமைப்புகளைச் சந்திப்பது வழக்கம். அடுத்த முறை அவர்கள் வரும்போது, ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் மூன்றாம் பிரிவின் கீழ் இதுவரை கைதானவர்கள் யார், வழக்கே தொடரப்படாமல் விடப்பட்டவர்கள் யார் என்ற பட்டியலை ஆங்கிலத்தில் தயாரித்து மேசையில் வைக்க எமது சட்டத்தரணிகளால் முடியும். அதற்குப் பெரிய செலவில்லை. பிரதேசச் செய்தியாளர்களின் பெயர்களை அந்த வட்டத்துக்குள் கொண்டுசெல்ல இப்போதைக்கு எனக்குத் தெரிந்த வழி அதுதான்.